பிக்கப் நல்ல நிலையில் இல்லை

1. டிராக்டர் மேல் வைத்த தாள்

ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், வண்டிகளைப் பழுதுபார்க்கும் பெங்கேலில் முப்பத்து நான்கு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். கடைசிப் பத்து வருடம் ஃபோர்மேன். அறுபது வயதுக்குப் பிறகு வருடா வருடம் கான்ட்ராக்ட் போட்டு வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது கான்ட்ராக்ட் முடிய நான்கு மாதம் இருந்தபோது இது நடந்தது.

ஒரு காலை மேனேஜர் பிரபாகர் பெங்கேலுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த டிராக்டரின் பானட் மேல் ஒரு தாளை வைத்தார்.

"அங்கிள், இதுல ஒரு சைன் வேணும்."

தாளில் இரண்டே வரி. பழைய டீசல் பிக்கப் நல்ல நிலையில் உள்ளது, பழுது எதுவும் இல்லை. கீழே என் பெயர்.

"எதுக்கு சார்?"

"மாரியாயி கேஸுக்கு. புது பிக்கப் ஒரு லிட்டருக்கு பதினொரு கிலோமீட்டர் ஓடுது. அவங்க காடி ஆறுதான் ஓடுது. காடி ஓகேன்னா மிச்ச டீசல் எண்ணெ எங்க போச்சு?"

மாரியாயி எங்கள் தோட்டத்தின் ஒரே பெண் டிரைவர். உரம், உதிரிப் பழ மூட்டை, கிளினிக்குப் போகும் ஆட்கள் என்று பன்னிரண்டு வருடமாக அந்தப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தவர். முந்தின நாளே அவர் என்னிடம் வந்து சொல்லியிருந்தார்.

"அண்ணே, நான் டீசல் திருடுறேன்னு லெட்டர் குடுத்திருக்காங்க. நான்தான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்தா வேலைய விட்டு மட்டும் நிறுத்துவாங்களாம். போலீசுக்குப் போக மாட்டாங்களாம். நான் எழுத மாட்டேன். போலீசையே கூப்பிடட்டும்."

நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"காடிய பாக்காம சைன் போட மாட்டேன் சார்."

"நீங்கதானே சர்வீஸ் பண்றீங்க?"

"அதனாலதான்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க கான்ட்ராக்ட் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு அங்கிள்."

"இருக்கட்டும் சார்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அவர் போன பிறகு, கான்ட்ராக்ட் முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

2. மூன்று காரணம், அதில் ஒன்று நான்

அன்று மத்தியானமே பிக்கப்பைப் பார்த்தேன். பத்தொன்பது வருட வண்டி. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். பின்பக்கம் இடது சக்கரம் கை வைக்க முடியாமல் சுட்டது. பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓடுகிற வண்டி எண்ணெய் குடிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது பேட்டரி. அது செத்துப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. காலையில் நாங்கள் ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுப்போம். அதன் பிறகு மாரியாயி சாயங்காலம் வரை எஞ்சினை நிறுத்துவதில்லை. செம்பனை எண்ணெய் மில்லில் வரிசையில் நிற்கும்போதும், கிளினிக் வாசலில் காத்திருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா நிற்கும் டீசல் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எரிக்கும். ஆனால் கிலோமீட்டர் ஒன்றுகூட ஏறாது. புது பேட்டரி கேட்டு மூன்று முறை எழுதியிருந்தேன். மூன்று முறையும் 'அடுத்த மாதம்' என்று பிரபாகரே எழுதித் திருப்பியிருந்தார்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். போன மழைக்காலத்தில் சேற்றில் மாட்டாமல் இருக்கட்டும் என்று, கழித்துக்கட்டிய வேறொரு வண்டியின் பெரிய டயர்களை இதில் மாட்டினேன். டயர் பெரிதானால் சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். ஆபீசிலிருந்து மில்லுக்குப் போய் வந்தால் புது பிக்கப் இருபது காட்டியது, இது பதினெட்டுதான் காட்டியது. ஓடிய தூரத்தைத் தின்றது நான் மாட்டிய டயர். பழி மாரியாயி தலையில் விழுந்தது.

எதையும் சரிசெய்யவில்லை. சரிசெய்துவிட்டால் பிறகு யார் நம்புவார்கள்? நேராக ஆபீசுக்குப் போனேன்.

"சார், நாளைக்கு ஒரு நாள் இந்தக் காடிய நீங்களே ஓட்டுங்க. டேங்க வாய் வரைக்கும் ரொப்பிடுவோம். சாயங்காலம் திரும்ப ரொப்புவோம். அப்புறம் என்ன சைன் கேக்குறீங்களோ கேளுங்க."

அவர் சிரித்தார். "சரி, ஓட்டுறேன்."

3. மேனேஜர் ஓட்டிய நாள்

மறுநாள் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி முன்னால் டீசல் நிரப்பினேன். டீசல் நுரைக்கும். நுரை அடங்கும் வரை காத்திருந்து மறுபடி ஊற்றி டேங்க் வாய்க்குக் கொண்டுவந்தேன். மூடியில் டேப் ஒட்டி மேனேஜரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் ஓட்ட, மாரியாயி பக்கத்தில், நான் பின்சீட்டில்.

மாரியாயி தினமும் போகும் பாதையிலேயே போனோம். மேட்டுக் காட்டில் உரம் இறக்கினோம். பிறகு உதிரிப் பழ மூட்டைகளோடு மில் வரிசையில் நின்றோம். முன்னால் ஒன்பது லாரி. பிரபாகர் சாவியில் கை வைத்தார்.

"நிறுத்தாதீங்க சார்," என்றார் மாரியாயி.

"இப்படித்தான் எண்ணெ வேஸ்ட் ஆகுது," என்று சொல்லி எஞ்சினை நிறுத்தினார்.

வரிசை நகர்ந்தது. சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "ஓய், தள்ளு லா," என்று கத்தினார்.

மாரியாயி இறங்கி வந்து டிரைவர் கதவைத் திறந்து நின்றார். பிரபாகர் இறங்கினார். அவரும் நானும் பின்னால் போய்த் தள்ளினோம். மில் வாசலில் எப்போதும் எண்ணெய்ச் சேறு. அவர் காலில் போட்டிருந்த பளபளப்பான சப்பாத்து இரண்டு முறை வழுக்கியது. மாரியாயி இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் கரும்புகையோடு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு சாயங்காலம் வரை மாரியாயிதான் ஓட்டினார். எஞ்சினை யாரும் நிறுத்தவில்லை.

திரும்பி வந்து டேப்பைக் கிழித்து நிரப்பினோம். கிராணி கணக்குப் போட்டுப் படித்தார். லிட்டருக்கு ஐந்தரை. மாரியாயியின் ஆறுகூட வரவில்லை.

"ஓகே," என்றார் பிரபாகர். "லெட்டர மறந்துடுவோம்."

"நான் மறக்க மாட்டேன் சார்," என்றார் மாரியாயி. "திருடின்னு எழுத்துலதான் குடுத்தீங்க. இல்லன்னும் எழுத்துலயே குடுங்க. அது வர்ற வரைக்கும் சாவிய தொட மாட்டேன்."

சாவியை டீசல் பம்ப் மேல் வைத்துவிட்டு நடந்துபோனார். இரண்டு நாள் பிக்கப் அசையவில்லை, உரம் ஸ்டோரிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் கடிதம் வந்தது, கூடவே புது பேட்டரியும் வந்தது. நான் பிரேக்கைக் கழற்றிச் சரிசெய்தேன், டயரை மாற்றினேன். அடுத்த மாதம் பத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. அந்த வயதுக்கு அது நல்ல ஓட்டம்.

4. அதற்குப் பிறகு

என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. வயது என்று காரணம் எழுதியிருந்தார்கள். கடைசி நாள் பிரபாகர் கேட்டார், "ஒரு சைன்தானே அங்கிள். போட்டிருந்தா இன்னும் ரெண்டு வருசம் இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம் சார். அப்புறம் நான் எந்தக் காடிய நல்லா இருக்குன்னு சொன்னாலும் மாரியாயி ஏறுமா?"



இப்போது செண்டாயானில் ஒரு பெங்கேலில் வாரம் மூன்று நாள் வேலை பார்க்கிறேன். சம்பளம் குறைவுதான். வருத்தம் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பழைய டீசல் வண்டி அதிகம் குடிக்கிறது என்று யாராவது வந்தால், முதலில் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள், பேட்டரியைப் பாருங்கள், மீட்டரை நம்பாமல் தூரத்தை அளந்து பாருங்கள். நீங்கள் மாட்டிய சாமானையும் சந்தேகப்படுங்கள். அதெல்லாம் பார்த்து முடிக்கும் வரை டிரைவரைப் பற்றிப் பேச யாரையும் விடாதீர்கள், கேட்கிறவர் மேனேஜராகவே இருந்தாலும்.