லா ஷப்பெல்லில் ஒரு தாய்மாமன்

1999 பிப்ரவரி, சனிக்கிழமை காலை ஏழரை மணி. லியோனில் மூன்று வார அலுவலகப் பயிற்சி முடிந்து, முதுகில் ஒரு பையோடு பாரிஸ் ரயிலில் ஏறினேன். நானூற்று முப்பது கிலோமீட்டரை இரண்டே மணி நேரத்தில் கடந்துவிட்டது அது. செங்கல்பட்டிலிருந்து சென்னை கடற்கரை ஸ்டேஷன் போகவே எனக்கு அவ்வளவு நேரம் ஆகும். வயிற்றெரிச்சலாக இருந்தது.

கூட வந்தவர்கள் ஈபிள் கோபுரம் பார்க்கப் போனார்கள். எனக்கு வேறு வேலை. என் மனைவி செல்வியின் தம்பி முருகேசன் ஆறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறான். எங்கள் மகளுக்கு ஐந்து வயது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அதுவும் எங்கள் வழக்கப்படி ஒற்றைப்படை வயதில். மூன்றிலேயே முடித்திருக்க வேண்டியது. “வரேன்க்கா” என்றான், வரவில்லை. இப்போது ஐந்தும் முடியப் போகிறது. “கையோட கூட்டிகினு வாங்க. இல்லன்னா தேதியாச்சும் வாங்கிகினு வாங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள் என் செய்யூர்க்காரி.

எட்டு ஃப்ராங்க் டிக்கெட்டில் மெட்ரோ பிடித்து லா ஷப்பெல்லில் இறங்கினால், அடடா, தெரு முழுக்கத் தமிழ்ப் பலகை! புடவைக் கடை, வாசலில் முருங்கைக்காய். இலங்கைத் தமிழர் ஒருவரின் ஓட்டல் பின்கட்டில் முருகேசன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

“மாமா! இன்னா மாமா, இப்டி எளச்சிட்டீங்க!”

இளைத்திருந்தது அவன்தான். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் முதலாளியே அவனை அனுப்பிவைத்தார். “அத்தானைக் கூட்டிக்கொண்டுபோய் ஊரைக் காட்டும்.”

குளிர் இரண்டு டிகிரி. கால்வாய்க் கரையோரம் நடந்தோம். அவன் ஊரைக் காட்டவில்லை, ஊரைக் கேட்டான், வேர்க்கடலை அறுவடையில் தொடங்கி.

“மல்லாட்ட புடுங்கிட்டாங்களா மாமா? வேடந்தாங்கல்ல பறவைங்கோ வந்துகீதா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அதுங்க வருஷா வருஷம் கரெக்டா வந்துட்டுப் போவுது. உனக்கு இன்னாடா கேடு?”

“அதுங்களாண்ட எவனும் பேப்பரு கேக்க மாட்டான் மாமா.”

அவனுக்கு இன்னும் குடியிருப்பு அனுமதி அட்டை கிடைக்கவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. ஆறு வருஷமும் அக்காவிடம் இதை அவன் சொன்னதே இல்லை. மூன்று வாரமாக அவனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

“நீயே சொல்லிடுடா அவகிட்ட” என்றேன்.

மூன்று மணி. வீட்டில் இரவு ஏழரை. கார்டு வாங்கித் தெருமுனை தொலைபேசிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம்.

“அக்கா, என்னால வர முடியாதுக்கா. வேற யாரு மடிலயாச்சும் வெச்சி குத்திடுங்க.”

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். ஏதோ முனகிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

“அஞ்சு போனா ஏழு” என்றாள் செல்வி. “அவன் மடிதான். சொல்லிட்டேன்.”

அவன் அறையில் எட்டுப் பேர் என்பதால், நான் நூற்றுப் பத்து ஃப்ராங்க் விடுதிக் கட்டிலில் படுத்தேன். காலையில் விமான நிலைய ரயிலுக்கு வழியனுப்ப வந்தவன் ஸ்டேஷன் படிக்கட்டிலேயே நின்றுகொண்டான். “கீழ போலீஸ் கீது மாமா. நீங்க போங்க.” திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் இறங்கினேன். எனக்கு அந்த நகரத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

செங்கல்பட்டு வீட்டில் செல்வி பாரிஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை இறக்கியதும் வந்து எதிரே நின்றாள்.

“ஏழு வயசுக்காச்சும் வருவியாடான்னு போன்ல கேட்டேன். ‘ஓம்’னான். அப்டின்னா இன்னாங்க?”

“கூட இருக்கற இலங்கைக்காரங்க பேச்சு அது. ‘ஆமா’ன்னு அர்த்தம்.”

“ஆமான்னா, ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே!” என்று கத்தினாள். அப்புறம் மகளை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டு அழுதாள்.