சிக்கான கோட்டு

தையல்கார அக்காவுக்கு வாயும் கத்தரியும் ஒரே வேகம். ஒரு கல்லூரிப் பெண் பழைய ஜன்னல் திரையைக் கொண்டுவந்து, அதில் கோட்டு தைத்துத் தரச் சொன்னாள். மற்ற கடைக்காரர்கள் சிரித்தே அனுப்பிவிட்டார்களாம். அக்கா மறுபேச்சு பேசாமல் அளவெடுத்தாள்.

தைத்து முடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் கண்ணாடி முன் நின்றாள்.

"உனக்குப் பயங்கரமாப் பொருந்துதுடி!" என்றாள் அக்கா.

"அக்கா, சிக்!" என்று கூவினாள் பெண்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிக் என்றால் உடம்பு சரியில்லை என்றுதான் அவளுக்குத் தெரியும். பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, மின்விசிறியைத் திருப்பி, தண்ணீரை நீட்டினாள்.

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கோட்டு அட்டகாசமா இருக்குன்னு சொன்னேன். நாங்க அப்படித்தான் சொல்வோம்."

"நல்லா இருக்கிறதுக்கு நோய்ப் பேரா வைப்பீங்க?"

"நீங்க மட்டும் பயங்கரமாப் பொருந்துதுன்னு சொன்னீங்களே. நான் பயந்தா ஓடினேன்?"

அக்கா கடையே அதிரச் சிரித்தாள்.

மதியம், பஸ் ஓட்டும் கணவர் வேலை முடிந்து போன் செய்தார். "எப்படி இருக்கே?"

"சிக்!" என்றாள் அக்கா பெருமையாக.

சற்று நேரத்தில் மனிதர் மாத்திரையும் ஆரஞ்சுப் பழமுமாக மூச்சிரைக்க வந்து நின்றார். அக்கா விஷயத்தைச் சொன்னதும், "அடிப்பாவி!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழத்தை உரித்து அவளுக்குப் பாதி கொடுத்தார்.