வாசலில் வைத்த கிளா

கடல் எங்கள் வீட்டையும் இளைய மகளையும் கொண்டுபோன பிறகு, கதிரவெளியில் கரையிலிருந்து தள்ளி ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்குக் கல்வீடு கட்டித் தந்தது. வீடு நல்ல வீடுதான். சுற்றிலும் வெறும் மணல். கையளித்த அன்று வீட்டுக்கொரு ரோசாக் கன்றும் தந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் உவர்ப்பு இன்னும் போகவில்லை. அதை ஊற்ற ஊற்ற இலை கருகி, எல்லார் வீட்டு ரோசாவும் செத்தது. பார்க்க வந்த நிறுவனத்துப் பெண், எங்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே மண்வெட்டியோடு ஊருக்குப் பின்னாலிருந்த காட்டுக்குப் போனேன். ஒரு கிளாக் கன்றை வேர்மண்ணோடு கிளப்பி வந்து, வாசலுக்கு நேரே வேலியோரம் நட்டேன். கிளாவை எங்கள் பக்கத்தில் யாரும் வைத்து வளர்ப்பதில்லை. விறகுக்குப் போகிறவர்களின் கையைக் கிழிக்கிற முள்மரம் அது. ஆனால் பூ வெள்ளைவெளேரென்று இருக்கும், மல்லிகைபோல மணக்கும். உவர்ப்பும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது.

பக்கத்து வீட்டில் என் கணவரின் அக்கா இருந்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “வாசல்ல முள்ளு வைக்கிறது வீட்டுக்குக் கூடாதுகா” என்றார்.

“இனி என்ன மச்சாள் கூடாதது வரக் கிடக்கு?” என்று கேட்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மறுபடி சண்டை வந்தது. ஷெல்லுக்குத் தப்பி நடந்து, மட்டக்களப்புப் பக்கம் முகாமில் தறப்பாள் கூடாரத்தில் மாதக்கணக்காகக் கிடந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் கதவுமில்லை, கூரைத் தகடுமில்லை. கிளா மட்டும் யன்னல் உயரத்துக்கு வளர்ந்து பூத்து நின்றது. கணவர் படியில் குந்தியிருந்து அழுதார். நான் விளக்குமாறு தேடினேன்.

சந்தியில் இராணுவக் காவலரண் போட்டிருந்தார்கள். பார்வைக்கு மறைக்கிற பற்றை புதரெல்லாம் வெட்டச் சொல்லி உத்தரவு. ஊரே வெட்டியது. நான் வெட்டவில்லை. இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள்.

“இது பற்றை இல்ல. நான் வெச்ச பூமரம்” என்றேன்.

“ஓடர், அம்மா” என்றான் ஒருவன்.

“அப்ப நீங்களே வெட்டுங்க. என்ட கையால வெட்டமாட்டன்.”

வெட்டினார்கள். முள் கிழித்து ஒருவன் முழங்கையில் இரத்தம் வந்தது. அவர்கள் போனதும் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து, காவலரணில் நின்றவர்கள் பார்த்திருக்க, அடிக்கட்டைக்கு ஊற்றினேன். “உனக்கு விசரா?” என்று கணவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஊற்றினேன். அது தளிர்த்தது. மறுபடி வந்து வெட்டினார்கள். மறுபடியும் ஊற்றினேன். அதற்குப் பிறகு, அது வேலிக்கு மேல் வளர்ந்தும் யாரும் கத்தியோடு வரவில்லை. ஏனென்று நான் கேட்கப் போகவில்லை.

சண்டை முழுதாக முடிந்ததென்று வானொலியில் சொன்ன அன்று நான் கிளாப்பூ பறித்து இளையவளின் படத்துக்கு வைத்தேன்.

பிறகு கணவர் வேலியைப் பிரித்து மதில் கட்ட ஆசைப்பட்டார். கிளா குறுக்கே நிற்கிறது, வேரோடு எடுத்தால்தான் அத்திவாரம் நேராக வரும் என்று மேசன் சொன்னார்.

“மதிலை வளைச்சுக் கட்டுங்க” என்றேன்.

மேசன் என் கணவரைப் பார்த்தார். கணவர், “அவ சொன்னா மாறமாட்டா, வளைங்க” என்றார். தெருவால் போகிறவர்கள் வளைந்த மதிலைப் பார்த்து இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.