சனிக்கிழமை எண்ணெய் குடித்த ஃபேன்

சென்ற வாரம் எங்கள் கடைக்குட்டிப் பெண்ணுக்கு ஜுரம் இறங்கிவிட்டது. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பயம் மட்டும் அவரோடு போகவில்லை. நினைத்த போதெல்லாம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, கையை எடேன், படிக்க விடு" என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அப்படித் திட்டு வாங்கிய ஒரு மத்தியானத்தில்தான், என் தம்பி டைபாய்டில் கிடந்த கோடை நினைவுக்கு வந்தது. தம்பி இப்போது பம்பாயில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான், தொப்பையும் இருக்கிறது. அதனால் அந்தக் கோடையை எங்கள் வீட்டில் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிவந்திருக்கிறோம். ஃபேன் கதை என்று அதற்குப் பெயர்.

அந்த நாளில் கல்கத்தாவில் பேட்டைக்கு ஒரு கரண்ட். பழைய பேட்டைகளில் ஒரே திசையில் ஓடும் டி.ஸி. கரண்ட். தெற்கே ஏரிப் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளில், முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடும் ஏ.ஸி. கரண்ட். ஒன்றுக்குச் செய்த ஃபேன் மற்றதற்கு உதவாது. அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார். பௌபஜாரின் இருட்டு வீட்டிலிருந்து லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடிமாறியபோது, பழைய மேசை ஃபேனை அங்கேயே ஒரு சிநேகிதரிடம் விட்டுவிட்டுப் புதிதாக ஓர் ஏ.ஸி. ஃபேன் வாங்கினார். வாங்கினாரே தவிர, அந்தக் கரண்டின் மேல் அவருக்குக் கடைசி வரை மரியாதை வரவில்லை.

"போறதா வர்றதான்னு தனக்கே தெரியாத கரண்ட். இதை நம்பி எப்படிடா ஒரு குடும்பம் நடத்தறது?" என்பார்.

எங்களோடு தங்கி காலேஜில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த சித்தப்பா அதற்கு வக்காலத்து வாங்குவார். "அது அப்படி இல்லை அண்ணா. இந்த மோட்டாருக்குக் கிளம்பற நேரத்துலதான் பலம் கம்மி. ஒரு தடவை ஓட ஆரம்பிச்சுடுத்துன்னா அப்புறம் நிக்காது."

"உன்னை மாதிரின்னு சொல்லு. எட்டு மணிக்கு எழுப்பி விட்டாப் போறும்."

ஃபேன் வாங்கிய கடையில், அவ்வப்போது எண்ணெய் விடவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என்ன எண்ணெய் என்று அவர்கள் சொல்லவில்லையா, அப்பா கேட்டுக்கொள்ளவில்லையா தெரியாது. எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கும் எனக்கும் எண்ணெய் ஸ்நானம், சனிக்கிழமை ஆண்களுக்கு. பௌபஜார் வீட்டிலேயே அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். தாம் தேய்த்துக்கொண்டது போகக் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் சூடான நல்லெண்ணெயை ஒரு கோழி இறகில் தொட்டு, ஃபேனின் முதுகில் இருக்கும் சின்னத் துவாரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார். பழைய டி.ஸி. ஃபேன் அதைக் குடித்துவிட்டு எருமைக்கடா மாதிரி ஓடியது. புதுசுக்கும் அதே மரியாதை நடந்தது. ஆக, சனிக்கிழமை ஆண்களுக்கும் ஃபேனுக்கும் என்று ஆயிற்று.

சித்திரை பிறந்ததும் தம்பி படுத்தான். அவனுக்கு நாலு வயது. டைபாய்டுக்கு மருந்து என்று எதுவும் இல்லாத காலம் அது. அசையாமல் கிடந்து, ஜுரம் தானாக இறங்கும் வரை பிழைத்திருந்தால் உண்டு. எங்கள் வங்காளி டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். உடம்பு கொதிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையைத் தூக்கவோ குலுக்கவோ கூடாது, குடல் புண்ணாகியிருக்கிறது. அம்மா அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தாள். ஃபேன் இரவு பகலாக ஓடியது.

வீட்டில் ஜுரம் என்பதால் அந்தச் சனிக்கிழமை யாரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்பா ஃபேனை மட்டும் மறக்கவில்லை. "பாவம், ராப்பகலா உழைக்கிறது" என்று இரண்டு பங்காக விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கரண்ட் நின்றுபோயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பனை விசிறியை எடுத்து, கை மாற்றி மாற்றி வீசினாள். வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது. ஃபேன் மட்டும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் முனகிக்கொண்டு அப்படியே நின்றது.

கொஞ்ச நாளாகவே அது கிளம்பத் தயங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். சித்தப்பா விசிறிக் காம்பைக் கம்பிக்கூட்டுக்குள் விட்டு இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளினால் ஓடிவிடும். அன்றைக்கும் தள்ளினார். அரைச்சுற்று சுற்றி நின்றது. மறுபடி தள்ளினார். நின்றது.

"பாத்தியா உன் கரண்டை!" என்றார் அப்பா.

கடைகள் சாத்தியிருந்தன. நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் அடுத்த வீட்டு வங்காளிப் பாட்டி, குழந்தையைத் தன் வீட்டில் கொண்டுவந்து போடச் சொன்னாள். அவள் ஃபேன் கூடத்து உத்தரத்தில் தொங்கியது. அதன் கீழே ஏழெட்டுப் பேரன் பேத்திகள். டைபாய்டுக் குழந்தையை அங்கே எப்படி விடுவது? அதற்குள் தம்பி பிதற்ற ஆரம்பித்துவிட்டான். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது வாசலில் ஒரு டாக்ஸி நின்றது.

"குழந்தையைப் பௌபஜாருக்கு எடுத்துண்டு போயிடலாம். நம்ம பழைய ஃபேன் அங்கே இருக்கு, இங்கே கொண்டுவந்தா ஓடாது" என்றார்.

அம்மா தம்பியின் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "தூக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"இங்கேயே கிடந்து வெந்து போகட்டுமா?"

"அந்தக் கல்லு ரோட்டுல, இந்த வெயில்ல... குழந்தை தாங்குவானான்னு நினைச்சுப் பாருங்கோ."

அப்பா ஃபேனைப் பார்த்து, "சனியனே" என்றார்.

இந்தச் சண்டையில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வாசலில் டாக்ஸி நிற்கிறது, நான் இதுவரை டாக்ஸியில் ஏறியதில்லை என்பதுதான். யாரும் சொல்லாமலே பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, தம்பிக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

அப்பா குழந்தையைச் சுற்றி எடுத்துப்போகப் போர்வை தேடினார். கடைசி முயற்சியாகச் சித்தப்பா ஃபேனை மறுபடி போட்டுவிட்டு, அதன் முனகலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு ஒரு வாசனை வந்தது. டாக்ஸி ஏறப்போகிற சந்தோஷத்தில் நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, "அம்மா, முறுக்கு சுடறியா?" என்றேன்.

"அடி அசடே, இன்னிக்கு அடுப்பே மூட்டலையே" என்றாள் அம்மா. சொன்னவள் தானும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "ஆனா வாசனை வர்றதே."

சித்தப்பா ஃபேனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். சட்டென்று ஸ்விட்சை அணைத்தார். தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "அண்ணா, இதுல என்ன எண்ணெய் விட்டேள்?"

"நல்லெண்ணெய்தான். ஏன்? கடுகெண்ணெயா விடுவா?"

சித்தப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பிக்கூட்டைக் கழற்றி, இறக்கையை ஒற்றை விரலால் சுற்றினார். விரல் போகிற வரை போயிற்று; விரலை எடுத்ததும் நின்றது. "கையை விட்டா நாலு சுத்தாவது தானா சுத்தணும். கரண்டே இல்லாதபோதும் சுத்த மாட்டேங்கறது, பாருங்கோ. இது கரண்டோட குத்தம் இல்லை. உள்ளே ஏதோ பிடிச்சுண்டிருக்கு."

அப்பா போர்வையோடு நின்றார். வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஒரு கால் மணி குடுங்கோ அண்ணா."

அந்தக் கால் மணி நேரமும் அம்மா விசிறியை நிறுத்தவில்லை. சித்தப்பா ஃபேனை வராந்தாவுக்குத் தூக்கிப்போய், இறக்கையைக் கழற்றி, மோட்டாரின் தண்டை வெளியே உருவினார். அதன் மேல் பழுப்பாக, கெட்டியாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்த அம்மா, "கம்பிப் பாகு பதம் வந்துடுத்தே" என்றாள். இத்தனை சனிக்கிழமை நல்லெண்ணெயும், ஃபேன் ஓடி ஓடிச் சூடேறியதில் காய்ந்து இறுகி, தூசியோடு சேர்ந்து அப்படி ஆகியிருந்தது. ஓடுகிற வரை ஓடியிருக்கிறது. கரண்ட் நின்று ஆறியதும் பிடித்துக்கொண்டுவிட்டது. பழைய டி.ஸி. ஃபேன் முரடு, அதையும் இழுத்துக்கொண்டு கிளம்பியிருக்கும். இதற்கு அந்தப் பலம் கிடையாது.

சித்தப்பா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்கப் பழுப்பு வந்துகொண்டே இருந்தது. மாஷிமா தன் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை, நீளமூக்குக் குப்பியோடு கொண்டுவந்து நீட்டினாள். ஃபேனுக்கு எள்ளெண்ணெயா விட்டீர்கள் என்று அவள் வங்காளியில் கேட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டது அப்பா காதில் விழுந்திருக்கவேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாவற்றையும் பூட்டி, சித்தப்பா இறக்கையை மறுபடி விரலால் தட்டினார். அது பாட்டுக்குச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும், யாரும் தள்ளாமல், ஒரு முனகல்கூட இல்லாமல் கிளம்பிற்று. கட்டிலின் மேல் கட்டியிருந்த கொசுவலை ஒரு பக்கமாக உப்பியது. அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டு, மடக்கியே இருந்த விரல்களை மற்ற கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தம்பியின் பிதற்றல் அடங்கியது. கண்ணை மூடித் தூங்கினான். சித்தப்பா கறுத்த கைகளோடு தரையில் உட்கார்ந்து, "இனிமே சனிக்கிழமை நமக்கு மட்டும்தான் அண்ணா" என்றார். அம்மா சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"டாக்ஸி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்று அப்பா வாசலுக்குப் போனார்.

பாலாடையோடு நின்றிருந்த எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஓவென்று அழுதேன். அம்மா வாயைப் பொத்தி, "குழந்தை தூங்கறான்டி" என்று என்னைக் கூடத்துக்குத் தள்ளினாள். போவதற்குள் அந்த வண்டியை ஒரு தடவை தொட்டாவது பார்க்கலாம் என்று வாசலுக்கு ஓடினேன்.

வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் ஓரத்துப் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். போர்வை இன்னும் அவர் மடியிலேயே இருந்தது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. சர்தார்ஜி டிரைவர் குனிந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, ஹிந்தியில் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஃபேன்தான் ஓடுகிறதே, தம்பிதான் தூங்குகிறானே, இனி என்ன அழுகை? யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரே காரணம்தான் தென்பட்டது. அவருக்கும் டாக்ஸியில் போக அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

என் அழுகை நின்றுவிட்டது. படியில் அவரை ஒட்டி உட்கார்ந்து, போர்வையின் ஒரு நுனியால் என் கண்ணையும் துடைத்துக்கொண்டு, "அழாதேப்பா, இன்னொரு நாள் நாம ரெண்டு பேரும் போகலாம்" என்றேன்.