மேல் அடுக்கில் கொஞ்சம் எண்ணெய்

சேத்தியாத்தோப்புக்குப் போகிற வழியில், வயலுக்கு நடுவே ஒரு பழைய எண்ணெய்க் கிணறு இருக்கிறது. அதற்குக் காவல் நான். அதற்கு முன்னால் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பம்பு பார்த்தேன். பர்மனென்ட் ஆகவில்லை, அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டே இருக்கும். இறைப்பதை நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். பொங்கல், தீபாவளி என்று பம்புக்கு லீவு கிடையாது. இப்போதும் மழைச் சத்தம் கேட்டால், பம்பு ஓடுகிறது என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

கிணற்றுக்கு வருகிறேன். ஆழத்தில் இருக்கிற அடிப் பாறை அடுக்கிலிருந்து பல வருஷம் எண்ணெய் கொடுத்த கிணறு. போகப்போகத் தண்ணீர்தான் அதிகம் வந்தது. அதற்கு மேலே மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறதாம். தோண்டும்போதே தெரியும், அடியில் அவ்வளவு இருக்கும்போது இது எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். இப்போது அடியைச் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டு, மேல் அடுக்கைத் திறந்து பார்க்கலாம் என்றார் இன்ஜினீயர். அதிலும் வராவிட்டால் கிணற்றை மூடிவிடுவார்கள். பிறகு காவல் எதற்கு? மடக்க முடியாத இந்த முழங்காலோடு வேறு எந்தக் கேட்டில் என்னை உட்கார வைப்பார்கள்?

"அதுவும் உங்கள மாதிரியே கெழடு தட்டிப்போச்சி. வூட்ல படுத்துகினு கெடங்களேன்" என்றாள் என் மனைவி.

"சோறு யாரு போடுவா?"

"இத்தினி வருசமா யாரு போட்டாங்களாம்?"

மேல் அடுக்கைத் திறக்க மிஷின் வந்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். கம்பியில் வெடியைக் கட்டி உள்ளே இறக்கி, அந்த அடுக்குக்கு நேராகக் குழாயில் ஓட்டை போட்டார்கள். மேலே ஒரு சத்தமும் இல்லை. சூப்பர்வைசர் நெய்வேலிப் பக்கத்து வடக்குத்து ஊர்க்காரர், என்னோடு சுரங்கத்தில் பம்பு பார்த்தவர். எனக்கு மாப்பிள்ளை முறை.

"என்னா மாமா, வெடிச்சிச்சா, நமுத்துப்போச்சா?" என்றார்.

எண்ணெய் வந்தது. மெதுவாகத்தான்.

"வால்வ இதுக்கு மேல தொறக்காதீங்க. மெலிசான லேயரு, அவசரப்பட்டா கீழருந்து தண்ணி ஏறிடும்" என்று சொல்லிவிட்டு இன்ஜினீயர் போனார்.

மறுநாள் பாட்டிலில் பிடித்துப் பார்த்தபோது எண்ணெய்க்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மாப்பிள்ளை பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"தண்ணி காட்டுது மாமா. எறைச்சி வுட்டுட்டா சரியாயிடும்."

சுரங்கத்துக் கை. தண்ணீரைக் கண்டால் அதற்கு வேறு வேலை தெரியாது. வால்வை முழுக்கத் திறந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் வெறும் தண்ணீர்தான் ஓடியது.

இன்ஜினீயர் வந்து வால்வை மூடினார். கத்தவில்லை.

"இது சுரங்கமாங்க? இங்க எறைக்க எறைக்கத் தண்ணிதான் முந்திகிட்டு வரும். அப்படியே கெடக்கட்டும், தண்ணி எறங்குதா பாப்போம். இல்லன்னா மூடிட வேண்டியதுதான்."

சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை எழுந்து எழுந்து வால்வுப் பக்கம் போவார்.

"ஒக்காரு மாப்ள."

"கையி நிக்க மாட்டேங்குது மாமா."

வடலூரில் டீ குடித்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். அதற்கும் வரவில்லை.

சில நாள் கழித்து இன்ஜினீயரே வந்து வால்வைக் கொஞ்சம் நெகிழ்த்தினார். முதலில் தண்ணீர், அப்புறம் கலங்கல், அப்புறம் எண்ணெய். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"பொழச்சிடுச்சி. கொஞ்சமாத்தான் வரும், ஆனா வரும். நீங்களும் இருங்க பெரியவரே."

சந்தோஷம்தான். மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ, சரி என்று சொல்லிவிட்டு எங்கேயாவது படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவிதான் எடுத்தாள்.

"கெணத்த மூடலயாம்."



"அப்ப நாளைக்கும் சோறு கட்டணுமா?"

"கட்டு" என்றேன்.