கக்கத்தில் குளிர்ந்த பாட்டில்

எடைமேடைக்காரரிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. லாரிக்குள் ஆளை ஒளித்து எடை கூட்டுவார்கள், மணலில் தண்ணீர் அடிப்பார்கள். டயரைப் பார்த்தே பிடித்துவிடுவார். இருபத்தெட்டு வருஷம் ஊரார் தில்லுமுல்லைப் பிடித்த மனிதர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததும் தாமே ஒன்றைச் செய்தார்.

அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய். போதாக்குறைக்கு விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல்.

"உடம்பைக் காக்கிற படைக்கு வெறி பிடிச்சிருக்கு. சொந்த வீட்டையே அடிச்சு நொறுக்குது. அபூர்வமாத்தான் இப்படி வரும்" என்றார் டாக்டரம்மா.

"அது என்னைத் தேடி வந்திருக்கு பாருங்க!"

"இப்போதைக்கு ஸ்டீராய்டு குடுத்து அடக்கிப் பாப்போம். அடங்கலைன்னா ஒரு ஊசி இருக்கு. கொஞ்சம் முரட்டு மருந்து."

முரட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே, ஊசிக்குத் தப்ப வழி தேடினார். காய்ச்சல் இறங்கினால் ஊசியும் இல்லை, உப்புச் சப்பில்லாத இந்தச் சாப்பாடும் இல்லை. நர்ஸ் வரும் நேரம் பார்த்து, போர்வைக்குள் ஜில்லென்ற தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியது. இரண்டு நாள் இதே கூத்து. மனைவி சந்தோஷமாகத் துணிமணியை மடிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் காலை, டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்.

"ரத்தத்துல ஃபெரிடின்னு ஒரு அளவு, அது குறைஞ்சாத்தான் நோய் அடங்குதுன்னு அர்த்தம். மூணு மடங்கு ஏறியிருக்கே! காய்ச்சலும் இல்லை. லேப் மெஷின்ல ஏதோ தப்பு போல. மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு, ஊசியை நாளைக்கு யோசிக்கலாம்."

அவருக்குச் சுருக்கென்றது. மாட்டிக்கொண்ட லாரிக்காரன் ஒவ்வொருவனும் சொன்ன வார்த்தை, மெஷின்ல தப்பு. ஒருநாள்கூட அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. காய்ச்சல் குளிரில் பல் வேறு கிட்டியது. நாளை வரை தாங்குவோமா என்று பயமாக இருந்தது.

"மெஷின் மேல தப்பில்லீங்க" என்று பாட்டிலை வெளியே எடுத்தார். "தப்பு என் மேலதான்."

மனைவி விட்ட டோஸ் பக்கத்து வார்டு வரை கேட்டது. அன்றைக்கே ஊசி ஏறியது. வாந்தி எடுத்தார், துவண்டு கிடந்தார்.

ஊசி போட்ட ஐந்தாம் நாள் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்து, "தொண்ணூற்றெட்டு" என்றார்.

மனைவி நம்பவில்லை. "கையைத் தூக்குங்க" என்றாள். போர்வையை உதறினாள், தலையணையைப் புரட்டினாள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். கடைசியில் அவர் கக்கத்தில் தன் கையையே வைத்துப் பார்த்தாள்.

பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.