பாட்டுக்கார அம்மா பேசாத பகல்

என் மாமா சொல்லும் பத்துக் காரியத்தில் ஒன்று நடக்கும். அதையும் அவர் செய்திருக்க மாட்டார். அம்மாவின் தம்பி அவர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை வீட்டுக்குக் கரடியைக் கூட்டி வருவதாகச் சொல்லி, தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பள்ளிக்கூடம் போகவிடாமல் காக்க வைத்தார். சாயங்காலம் கரடி முடி வைத்துக் கட்டிய தாயத்து ஒன்றோடு வந்து சேர்ந்தார். ஆகையால், எங்கள் தெரு முருகன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு பேர்பெற்ற பாடகி ஒருவரை நானே அழைத்து வருகிறேன் என்று அவர் கமிட்டிக்காரர்கள் முன்னால் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் அம்மாவின் முகத்துக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தலில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவுடன் முதலில் கேட்கும் குரல் அந்தப் பாடகியுடையது. மலைக்குப் போகும் ஒரு பெண் வழி தவறிப்போய் மயிலிடம் வழி கேட்பதாக ஒரு பாட்டு. அதில் ஓரிடத்தில் குரல் படிப்படியாக ஏறி உச்சியில் போய் நிற்கும். இனி மூச்சு இருக்காது என்று நாம் நினைத்த பிறகும் நிற்கும். அந்த இடம் வந்தால் பந்தியில் பரிமாறுகிறவர்கள்கூடச் சாம்பார் வாளியைப் பிடித்தபடி நின்றுவிடுவார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தமாக ஒரு உடம்பு இருக்கும், அதற்குப் பசியெடுக்கும், கால் வலிக்கும் என்றெல்லாம் நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் மாமாவுக்கு அனுப்பர்பாளையத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பாத்திரப் பட்டறை வைத்திருந்தவர். பித்தளையை விரலால் சுண்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவாராம். மாமாவையும் அப்படிச் சுண்டிப் பார்த்துவிட்டு, "பையன் நல்ல வேலைக்காரந்தானுங்க. வாய்தான் கொஞ்சம் சாஸ்தி. அந்தப் பாட்டுக்காரம்மா வரட்டுங்க, பாடட்டுங்க. அன்னிக்கே தாம்பூலம் மாத்திக்கலாம்" என்று சொல்லியிருந்தார். மாமாவின் கல்யாணம் இப்படி ஒரு பாட்டில் வந்து மாட்டிக்கொண்டது.

பாட்டுக்காரம்மா வந்துவிட்டார். காலை ரயிலில் இறங்கி, குதிரை வண்டியில், மாமா முன்னால் உட்கார்ந்து ராஜா மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வர, எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கமிட்டியில் பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் இருந்தும் எங்கள் வீட்டில் தங்கியதற்குக் காரணம் இரண்டு. கோயிலுக்கு அடுத்த வீடு எங்களுடையது. எங்கள் குளியலறைக்குக் கதவு இருந்தது.

குட்டையான அம்மாள். கண்ணாடி போட்டிருந்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார், ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வந்த ஆர்மோனியக்காரர்தான் சொன்னார்: "அம்மா கச்சேரி முடியற வரைக்கும் பேச மாட்டாங்க."

"விரதமுங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"அப்படியே வச்சுக்கங்க" என்றார் ஆர்மோனியக்காரர்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரத்தில் தெரு முழுக்கச் சேதி பரவி, மௌன விரதத்தைப் பார்க்கப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று அவர் கையால் விபூதிகூடப் பூசிக்கொண்டு போனார்கள்.

பேசாதவருக்கு வேண்டியது என்னவென்று தெரிய வேண்டுமே. அப்பா பந்தல் வேலைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அஞ்சாம் வகுப்பில் இருந்த என் சிலேட்டை அவரிடம் கொடுத்து, என்னையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் எழுதுவார், நான் உரக்கப் படிப்பேன். 'வெந்நீர்.' 'கஞ்சி போதும்.' மறுபடியும் 'வெந்நீர்.' இவ்வளவு பெரிய பாடகி இதைவிடப் பெரிதாக ஏதாவது எழுதுவார் என்று காத்திருந்தேன். 'மின்விசிறியை நிறுத்து' என்று எழுதினார். தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் விசிறி இருந்தது. அதை நிறுத்தச் சொன்னதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மத்தியானம் அவர் உள்ளறையில் படுத்தார். ஆர்மோனியக்காரர் வெளியே கயிற்றுக்கட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்கினார். அம்மா வீட்டிலேயே பனியனுக்கு நூல் பிசிர் வெட்டும் வேலை செய்துவந்ததால், உள்ளறைச் சுவர் ஓரமாகப் பனியன் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மூன்றாவது செம்பு வெந்நீரை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனபோது, கட்டிலில் அவர் இல்லை. மூட்டைகளுக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். முகத்தை ஒரு மூட்டையில் புதைத்திருந்தார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கேட்காமல் இருக்க, பனியன் பொதிக்குள் பாடிக்கொண்டிருந்தார். மயில் பாட்டு. ஏறும் இடம். இரண்டு படி ஏறியதும் குரல் இல்லை. பஞ்சரான சைக்கிள் டியூபிலிருந்து வருகிற மாதிரி வெறும் காற்று வந்தது. நிறுத்தினார். எச்சில் விழுங்கினார். மறுபடியும் முதலிலிருந்து. அதே இடத்தில் அதே காற்று.

செம்பு கையில் சுட்டது. நான் அசைந்திருக்க வேண்டும், அவர் திரும்பினார். பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்து சிலேட்டை எடுத்து, 'யாரிடமும் சொல்லாதே' என்று எழுதினார்.

நான் தலையாட்டினேன். "வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்துவிட்டு எழுதினார்: 'சில நாள் வரும். சில நாள் வராது.'

"இன்னிக்கு வருமுங்களா?"

அழித்தார். எழுதுவதற்காகக் குச்சியைச் சிலேட்டில் வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எதுவும் எழுதாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

நான் வெளியே வந்தபோது மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தார். மடிப்புக் கலையாமல் இருக்கக் கையைக் கொஞ்சம் அகட்டியே வைத்திருந்தார். அவர் சொன்ன ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாக அவரே செய்து முடிக்கப்போகிறார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாட்டுக்காரம்மா என்ன பண்றாங்க கண்ணு?"

"தூங்குறாங்க மாமா."

"நல்லாத் தூங்கட்டும். அனுப்பர்பாளையத்துல இருந்து ரெண்டு வண்டி கட்டிட்டு வராங்களாமா. பொண்ணும் வருதாமா." சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "மாமன் சொன்னாச் செய்வேன்னு இப்பவாச்சும் நம்புறயா?" என்றார்.

சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று தெரியாது. ரயிலேறி ஓடியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். "நம்புறேன் மாமா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் ஓடினேன்.

அங்கே காலண்டரில் முருகன் இருந்தார். கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை ஒன்றுதான் இருந்தது. அம்மா வெள்ளிதோறும் சீயக்காய் தேய்த்து, உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் திரும்பி நிற்கச் சொல்லிக் காட்டும் சடை. அந்த அம்மாவுக்குக் குரல் வந்துவிட்டால் பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிய உடனே, பள்ளிக்கூடத்தில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பதை நினைத்துக் கொஞ்சம் அழுதேன்.

ஐந்தரை மணிக்கு அவர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து சிலேட்டைக் கேட்டார். 'இவள் என்னோடு மேடைக்கு வரட்டும்.' நான் படித்துச் சொன்னதும் அம்மாவுக்கு நான் இட்டுக்கட்டுகிறேனோ என்று சந்தேகம். "பொடுசு மேடையில எதுக்குங்க, தொந்தரவு பண்ணுமுங்க" என்றாள். அவர் வெந்நீர் பிளாஸ்கை என் கையில் கொடுத்து, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பந்தல் கொள்ளாத கூட்டம். கம்பெனிகளில் சீக்கிரமே வேலையை நிறுத்தியிருந்தார்கள். தலையில் பஞ்சுத் தூசியோடு நேராக வந்தவர்கள் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்திலும் ஏறியிருந்தார்கள். முன்வரிசையில் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பட்டறைக்காரர் மேடையைச் சுண்டிப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் மாமா. நான் மேடையில் அந்த அம்மாவின் இடது பக்கம், பிளாஸ்கை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு.

முதல் பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடினார். குரல் வந்தது, ஆனால் பக்கத்தில் இருந்த எனக்கே எங்கோ தூரத்திலிருந்து வருவது போலத்தான் கேட்டது. இரண்டாவது பாட்டில் பின்னாலிருந்து "சத்தம் பத்தலீங்க!" என்று ஒருவர் கத்தினார். மைக்செட்காரர் ஓடி வந்து எதையோ திருகிவிட்டுப் போனார். பட்டறைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். மாமாவின் கை சட்டைக் காலரிலேயே இருந்தது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் வேப்பமரத்திலிருந்து குரல் வந்தது: "மயில் பாட்டுப் பாடுங்க!" உடனே பந்தல் முழுக்க அதையே சொன்னது.

அவர் வெந்நீர் கேட்டார். வேண்டுதலை முணுமுணுத்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தேன். மூடியில் பாதி என் கையில் சிந்தியது. குடித்துவிட்டு ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அவர் சுருதியை ஒரு கட்டை இறக்கி வாசித்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

மலையடிவாரம் வந்தது. வழி தவறியது. மயில் வந்தது. ஏறும் இடம் நெருங்க நெருங்க நான் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டேன். அவருடைய இடது கை ஜமுக்காளத்தின் மேல் நகர்ந்து வந்து என் கையைப் பிடித்தது. மோதிரம் அழுந்தியது. முதல் படி. இரண்டாம் படி. மத்தியானம் காற்றாகப் போன இடம். அங்கே குரல் ஒரு நொடி கரகரத்தது, உடையப்போகிறது என்று நினைத்தேன். கரகரப்போடேயே மேலே ஏறிவிட்டது. இசைத்தட்டில் இருக்கிற குரல் இல்லை. அது எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இது கல்லில் கால் வைத்து ஏறியது. உச்சியில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

அவர் இறங்கி வந்து சேர்ந்தபோது, கூட்டம் கைதட்டக்கூட மறந்திருந்தது. பட்டறைக்காரர் மடித்து வைத்திருந்த துண்டை விரித்து முகத்தில் பொத்திக்கொண்டார். மாமா புதுச் சட்டையின் கையிலேயே கண்ணைத் துடைத்தார். என் உடம்பில் இருந்த அத்தனை முடிச்சும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. அவிழ்ந்த வேகத்தில் எனக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. பிளாஸ்கை அங்கேயே வைத்துவிட்டு மேடையிலிருந்து குதித்து வீட்டுக்கு ஓடினேன். கைதட்டல் ஓசை கதவு போட்ட எங்கள் குளியலறைக்குள்தான் எனக்குக் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் எங்குமே உட்கார்ந்திருந்ததில்லை.

கச்சேரி முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு முதல்முறையாக என்னிடம் பேசினார், கரகரவென்று: "நீ ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தியே, என்ன வேண்டிக்கிட்ட?"

"மொட்டைங்க" என்றேன்.

என் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். ஆர்மோனியக்காரர் பதறிப்போய் வெந்நீர் கொண்டு வந்தார்.

அன்றைக்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் தாம்பூலம் மாற்றினார்கள். அடுத்த மாதம் பழனியில் என் தலை மொட்டையானது. ஏன் என்று அம்மா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. தன் கல்யாணத்துக்காகத்தான் நான் முடி கொடுத்தேன் என்று மாமா தானாகவே முடிவு செய்து, கண்கலங்கி, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் நானும் மறுக்கவில்லை.

அந்த அம்மா என்னை எதற்காக மேடைக்குக் கூட்டிப்போனார் என்பதைப் பற்றி எனக்கு அப்போது சந்தேகமே கிடையாது. ரகசியம் தெரிந்தவள் நான் ஒருத்தி. கூட்டத்தில் விட்டால் அம்மாவிடமோ மாமாவிடமோ உளறிவிடுவேன். அதனால் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டார். பாட்டின் நடுவில் கையை இறுக்கிப் பிடித்ததும் 'சத்தம் போடாதே' என்பதற்குத்தான். நானும் சத்தம் போடவில்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

முப்பது வருஷம் கழித்து எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. கணவர், பிள்ளைகள், மாமா, அத்தை எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று, நான் தைரியசாலி, எனக்கு ஒன்றும் ஆகாது என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கை அவர்கள் யாரையும் தேடவில்லை. முதல் நாள் குளியலறையில் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட ஒரு சின்ன நர்ஸ் பெண் இருந்தாள், பேர்கூடத் தெரியாது. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. இறுக்கிப் பிடித்ததில் அவளுக்கு வலித்திருக்க வேண்டும். தான் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிப் பிடிக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "யார்கிட்டயும் சொல்லலீங்க" என்றாள் என் காதில்.